லினக்ஸ் போட்ட லேப்டாப்

பிளஸ் டூ படிக்கும்போது அக்காவுக்கு இலவசமாகக் கிடைத்த லேப்டாப்புக்கு எங்கள் வீட்டில் இருந்த மரியாதை அக்காவுக்கே இருந்ததில்லை. அம்மா தன் பழைய பட்டுச் சேலையைக் கிழித்து அதற்கு ஓர் உறை தைத்திருந்தாள். எங்கள் ஊர் திரேஸ்புரத்தில் கடற்காற்று எதையும் விட்டுவைக்காது. ஜன்னல் கம்பி, சைக்கிள், பூட்டு என்று எல்லாம் இரண்டு வருஷத்தில் துருவேறிப் பொரிந்துவிடும். லேப்டாப்புக்கு மட்டும் அப்படி எதுவும் ஆகிவிடக் கூடாது என்பதில் அம்மா கண்ணும் கருத்துமாக இருந்தாள். நர்ஸிங் படிக்க மதுரை ஹாஸ்டலுக்குப் போனபோது அக்கா அதைக் கேட்டு இரண்டு நாள் அழுது பார்த்தாள். அம்மா கொடுக்கவே இல்லை. அப்பா அதற்குள் அல்லவா இருந்தார்?

அப்பாவுக்குச் சரக்குக் கப்பலில் எஞ்சின் அறை வேலை. ஆறு மாதம் கப்பல், இரண்டு மூன்று மாதம் வீடு. அந்தத் தடவை அவர் கிளம்பும்போது அம்மாவுக்கு இரண்டு மாதம். எனக்குப் பத்து வயதான பிறகு வீட்டில் இன்னொரு பாப்பா வரப்போகிறது என்பதில் அம்மாவுக்குக் கொஞ்சம் கூச்சமும் அப்பாவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷமும் இருந்தன. அக்கா பிறந்தபோதும் நான் பிறந்தபோதும் அவர் ஏதோ ஒரு கடலில் இருந்தவர். அம்மா அதைச் சொல்லிக் காட்டாத வருஷம் இல்லை. இந்தத் தடவை எட்டாம் மாதமே வந்து நிற்பேன் என்று மாதா படத்துக்கு முன்னால் சத்தியம் பண்ணிவிட்டுப் போனார்.

கப்பல் அநேகமாக வாரக்கடைசியில் ஏதாவது ஒரு துறைமுகம் பிடிக்கும், அங்கே மாலுமிகள் தங்கிப்போகும் கிளப்பில் இன்டர்நெட் கிடைக்கும். அங்கிருந்து அப்பா கூப்பிடுவார். எங்கள் வீட்டில் அப்போது பட்டன் போன்தான் இருந்தது. அதனால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அம்மா சேலையை மாற்றாமல், முகத்தைக் கழுவிப் பவுடர் போட்டுக்கொண்டு, டேட்டா கார்டைச் சொருகிய லேப்டாப்புக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவாள். வீடியோவில் வந்ததும் அப்பா சொல்லும் முதல் வாக்கியம் எனக்கு மனப்பாடம். "ஏளா, எந்திரிச்சுத் திரும்பி நில்லு, பாப்போம்." அம்மா வெட்கப்பட்டுக்கொண்டே பக்கவாட்டில் திரும்பி நிற்பாள். அப்பா வயிற்றை உற்றுப் பார்த்துவிட்டு, இன்னும் நல்லாச் சாப்பிட வேண்டும் என்று தீர்ப்புச் சொல்வார். அதற்குப் பிறகு என் முறை. நான் முன்னால் வந்து உட்கார்ந்து வாயைத் திறப்பேன். அந்தச் சமயம் பார்த்து அப்பாவின் முகம் கொட்டாவி விட்டபடியே அசையாமல் நின்றுவிடும். லேப்டாப் அவ்வளவு வேகம். தெருவிலிருந்த எல்லார் வீட்டுப் பென் டிரைவும் பாட்டு ஏற்றவும் படம் ஏற்றவும் அதில் ஏறி இறங்கியதால் வைரஸ் குடும்பத்தோடு குடியிருந்தது. அதை ஆன் பண்ணிவிட்டுப் போய் ஓர் உலை அரிசி போட்டு வடித்துவிட்டு வரலாம்.

பாலிடெக்னிக் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த பெரியம்மா மகன்தான் வைத்தியம் சொன்னான். "சித்தி, எல்லாத்தையும் அழிச்சிட்டு லினக்ஸ் போட்ருதேன். காசு கெடையாது. வைரஸ் எட்டிக்கூடப் பாக்காது. சீப்பான லேப்டாப்புக்கு அதான் லாயக்கு." சீப்பான என்ற சொல் அம்மாவுக்கு ரசிக்கவில்லை. இருந்தாலும் சரி என்றாள். ஒரு மத்தியானம் அண்ணன் உட்கார்ந்து எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புது சிஸ்டத்தைப் போட்டான். அக்காவின் போட்டோக்கள், பாட்டுகள், படங்கள் எல்லாம் போயின. லேப்டாப் பறந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா சினிமாவில் வருவதுபோல் தடங்கலில்லாமல் சிரித்தார், தலையைத் திருப்பினார், காபி குடித்தார். நாங்கள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தோம். ஆனால் அவருக்கு எங்களைத் தெரியவில்லை. ஒரே கறுப்பாக இருக்கிறது, விளக்கைப் போடுங்கள் என்றார்.

இந்தக் கேமராவுக்கு லினக்ஸில் டிரைவர் கிடையாது போலிருக்கிறது என்று அண்ணன் தலையைச் சொறிந்தான். அம்மா அவனைப் பிடித்த பிடியில் அவன் வேலைக்குப் போகாத கதை, பெரியம்மா வளர்த்த கதை எல்லாம் சந்திக்கு வந்தன. "அந்த மனுசனுக்கு எம் வயிறு தெரியாண்டாமா?" என்று கேட்டாள். அடுத்த வாரம் எப்படியாவது சரிபண்ணித் தருகிறேன் என்றான் அண்ணன். ஆனால் அடுத்த வாரம் அவனுக்கு ஓசூரில் வேலை கிடைத்து, ஒரு பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டான்.

அவன் போன இரண்டாவது வாரம் பாப்பா போய்விட்டது.

நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டில் என்னை உட்காரவைத்து மிக்சர் கொடுத்தார்கள். இரண்டு நாள் கழித்துப் பெரியம்மா அம்மாவை ஆட்டோவில் கூட்டிவந்து கட்டிலில் படுக்கவைத்தாள். பாப்பா மாதாவிடம் போய்விட்டது என்று என்னிடம் சொன்னாள். அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். முகத்தைத் திருப்பாமலே, "ஏளா, அப்பாட்ட ஒண்ணும் சொல்லிராத" என்றாள்.

அவள் சொல்லாவிட்டாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன். கப்பலில் இருக்கிறவனுக்குக் கெட்ட சேதி போகக் கூடாது என்பது எங்கள் தெருவில் பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். பெற்ற தாய் செத்து மூன்று மாதமான பிறகு, வீட்டு வாசலில் வந்து இறங்கித்தான் அதைத் தெரிந்துகொண்டவர்கள் எங்களுக்கு அடுத்த சந்திலேயே இருந்தார்கள். முன்கூட்டித் தெரிந்தால் என்ன செய்ய முடியும்? கடலில் நடந்தா வர முடியும்? எஞ்சினுக்குப் பக்கத்தில் நிற்கிறவனுக்குக் கவனம் சிதறினால் கை போய்விடும், சில சமயம் ஆளே போய்விடுவான். அதனால் கோயிலுக்கு வரும் பெண்கள் தொடங்கி மதுரை ஹாஸ்டலில் இருந்த அக்கா வரைக்கும் எல்லாரும் வாயைக் கட்டிக்கொண்டார்கள்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா பவுடர் போடுவதை விட்டுவிட்டாள். கசங்கிய நைட்டியோடு வந்து உட்கார்ந்தாள். பாப்பா எப்படி இருக்கிறான் என்று அப்பா கேட்பார். பிறக்கப்போவது ஆண்பிள்ளைதான் என்று அவராகவே முடிவு செய்திருந்தார். நல்லா இருக்கான், ராத்திரி பகல் என்று பார்க்காமல் உதைக்கான் என்று அம்மா சிரித்துக்கொண்டே சொல்வாள். சிரிப்பது குரல்தான். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து நாடி வரைக்கும் வந்து சொட்டும். அவள் அதைத் துடைக்கக்கூட மாட்டாள். அப்பாவுக்கு அந்தப் பக்கம் வெறும் கறுப்புத்தானே. நான் பக்கத்தில் உட்கார்ந்து, பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது என்று ஒப்பித்துவிட்டு எழுந்து போவேன்.

அம்மா கேமராவைப் பற்றிய பேச்சையே எடுக்கவில்லை. நான்தான் விடவில்லை.

அந்த மாதங்களைப் போல் நான் தனியாக இருந்த காலம் அதற்குப் பின்னாலும் வரவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள், இல்லையென்றால் தையல் மிஷினில் குனிந்திருப்பாள். கேட்டதற்குப் பதில் வரும், அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. நான் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொள்வேன். அதிலும் ஒன்றும் இல்லை. பழைய பாட்டு இல்லை, அக்கா இல்லை, ஒரு மூலையில் லினக்ஸின் பென்குவின் படம் மட்டும் இருந்தது. திரைக்கு மேலே இருந்த கேமராத் துளையைப் பார்த்து, யாரோ பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு பேசுவேன். எனக்கு யாராவது என்னைப் பார்த்தால் போதும் என்றிருந்தது.

போதாததற்குப் புதுநன்மை வந்துகொண்டிருந்தது. முதன்முதலாக நற்கருணை வாங்கும் அந்த நாள் எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைகளுக்குக் கல்யாணத்துக்கு ஒத்திகை. வெள்ளை கவுன், தலையில் பூ முடி, முக்காடு, கையில் மெழுகுதிரி. அம்மா படுக்கையிலிருந்து எழுந்து எழுந்து வந்து எனக்குக் கவுன் தைத்தாள். அந்த வேஷத்தில் அப்பா என்னை அன்றைக்கே பார்க்க வேண்டும். ஊருக்கு வந்த பிறகு போட்டோவில் பார்ப்பதெல்லாம் கணக்கில் சேராது. அம்மாவிடம் ஒருநாள் கேமராவைச் சரிபண்ணிவிட்டால் என்ன என்று கேட்டேன். "அது கெடக்கட்டும். நோண்டாத" என்றாள் வெடுக்கென்று. அப்போது அவள் எல்லாவற்றுக்கும் வெடுக்கென்றுதான் பேசினாள். அதனால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

லேப்டாப் மாடலின் பெயரையும் கேமரா என்பதையும் லினக்ஸ் என்பதையும் இங்கிலீஷில் எழுத்துக்கூட்டி இன்டர்நெட்டில் தேடினேன். உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்கள் என்னைப் போலவே, என் மகளுக்கு என்னைத் தெரியவில்லை, என் தாய்க்கு என்னைத் தெரியவில்லை என்று அங்கே புலம்பியிருந்தார்கள். பாதிக்குப் பாதிதான் புரிந்தது. ஆனாலும் அவர்களோடு இருப்பது எனக்குப் பிடித்திருந்தது. யாரோ ஒரு புண்ணியவான் பதிலாக ஒரு நீளமான வரியை எழுதியிருந்தார். அதை, லினக்ஸுக்குக் கட்டளை தட்டும் கறுப்பு ஜன்னலுக்குள் போட வேண்டும். காப்பி பண்ணி அங்கே ஒட்டப் பார்த்தால் ஒட்டவில்லை. அதற்கு வேறு பட்டன் என்பது எனக்குத் தெரியாது. அதனால் மறைக்கல்வி நோட்டில், பத்துக் கட்டளைகளுக்கு அடுத்த பக்கத்தில், அந்த வரியைப் பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டு, பிறகு ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன். இடையில் ஓர் இடைவெளி விட்டுப்போனாலும் அது ஏற்றுக்கொள்ளாது. எங்கள் மறைக்கல்வி சிஸ்டர்கூட அவ்வளவு கண்டிப்பு கிடையாது.

பன்னிரண்டு நாள் ஆனது. ஒரு சாயங்காலம் திடீரென்று திரையில் என் முகம் வந்தது. தலைகீழாக வந்தது. கூரை கீழே, நான் மேலே தொங்கிக்கொண்டு, என் சடை வானத்தைப் பார்த்து நின்றது. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். உள்ளேயிருந்து அம்மா, "என்னளா?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். காட்டுவதற்கு ஆளில்லாமல், நானே நாற்காலியில் தலைகீழாகத் தொங்கி என் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டேன். விலை குறைந்த சில லேப்டாப்புகளில் கேமராவையே தலைகீழாகத்தான் பொருத்தியிருப்பார்களாம். பழைய சிஸ்டம் நமக்குத் தெரியாமல் படத்தை நிமிர்த்திக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. லினக்ஸ் உள்ளதை உள்ளபடி காட்டிவிட்டது. அதற்கும் ஒரு வரி இருந்தது. புதுநன்மைக்கு இரண்டு நாளைக்கு முன்னால் நான் நேரானேன்.

அம்மாவிடம் சொல்லவில்லை. அப்பா திடுக்கென்று பார்த்து, "ஏ, தெரியுதே!" என்று கத்துவதை அவளும் பார்க்கட்டும் என்று திட்டம். கேமரா பக்கத்தில் எரியும் பச்சை விளக்கை ஒரு ஸ்டிக்கர் பொட்டால் மறைத்தேன். நம் முகம் தெரியும் சின்னக் கட்டம் திரையின் மூலையில் வருமல்லவா, அதன்மேல் கோயிலில் கொடுத்த மாதா படத்தை டேப் போட்டு ஒட்டினேன். நல்ல நாளாக இருக்கிறதே என்று பக்தியாகச் செய்கிறேன் போல என்று அம்மா நினைத்துக்கொண்டாள்.

பூசை முடிந்து, வந்தவர்கள் சாப்பிட்டுப் போய், பிற்பகல் மூன்று மணி வாக்கில் அப்பா கூப்பிட்டார். நான் பூ முடியோடும் முக்காடோடும் திரைக்கு முன்னால் விறைப்பாக உட்கார்ந்தேன். நான் அழைப்பை எடுப்பதற்கும் அம்மா எனக்குப் பின்னால் வருவதற்கும் சரியாக இருந்தது. வேலை செய்வதற்காகப் பட்டுச் சேலை முந்தானையை இழுத்து இடுப்பில் சொருகியிருந்தாள். என் பூ முடி சாய்ந்திருப்பதைப் பார்த்து, பக்கவாட்டில் திரும்பி நின்று, வாயில் கடித்திருந்த ஊசியை எடுத்துக் குத்தத் தொடங்கினாள். குத்திக்கொண்டே திரையைப் பார்க்காமல் பேசினாள். உங்கள் மகள் ராணி மாதிரி இருக்கிறாள், வந்தவர்களெல்லாம் உங்களைத்தான் கேட்டார்கள் என்றாள். பிறகு அவர் கேட்பதற்கு முன்பே, "அவனுந்தான் இன்னைக்கு ஒரே ஆட்டம். வெடியக்காலமிருந்தே உதைக்கான்" என்றாள்.

நான் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதோ கத்தப்போகிறார், இதோ. அவர் கத்தவில்லை. கண் என்மேல் இல்லை, எனக்குக் கொஞ்சம் மேலே நின்றது. முகம் அப்படியே அசையாமல் இருந்தது. ஐயோ, பழையபடி நின்றுவிட்டதோ என்று நான் பயந்துபோனேன். ஆனால் அவருக்குப் பின்னால் ஒரு மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"என்ன, சத்தத்தயே காணோம்?" என்றாள் அம்மா.

"இருக்கேன்" என்றார் அப்பா. "நெட்டு ஸ்லோவா இருக்கு." பிறகு, வாசலில் யாரோ கூப்பிடுவது போலக் கேட்கிறதே, போய்ப் பார் என்றார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அம்மா போனாள்.

அப்பா திரைக்குப் பக்கத்தில் வந்தார். "மக்கா, நீ தெரியுத. நல்லா இருக்க" என்றார். அவர் குரல் சளிப்பிடித்தது போலிருந்தது. "கேமரா தெரியுதுன்னு அம்மாட்ட சொல்லாத, என்ன? இனிமே அதப் போடாண்டாம்." ஏன்ப்பா என்றேன். நெட் இழுக்கும் என்றார். அம்மா வாசலிலிருந்து யாரையும் காணோமே என்று திரும்பி வருவதற்குள் நான் கேமராவை அணைத்துவிட்டேன்.

பன்னிரண்டு நாள் உழைப்புக்குக் கிடைத்த சம்பளம் அதுதான். அப்பா அன்றைக்குப் பார்த்தது என்னை மட்டுமில்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை. கவுன் பிடிக்கவில்லை போல, முகம் கறுத்திருந்தது போல என்று என்னென்னவோ யோசித்தேன். அவருக்கு என்னைப் பார்க்க வேண்டாம் என்ற முடிவுக்கு வந்து, பூ முடியைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் எறிந்தேன். நோட்டிலிருந்த அந்த வரியையும் கிழித்துப் போட்டேன்.

அதற்குப் பிறகு ஒன்றரை மாதம் ஞாயிறுகள் பழையபடியே நடந்தன. சொல்லப்போனால் அப்பா முன்னைவிட அதிகமாகப் பேசினார். பாப்பாவுக்குத் துணி வாங்கினேன், போர்வை வாங்கினேன், கிலுகிலுப்பை வாங்கினேன் என்று அடுக்குவார். அம்மா ஒவ்வொன்றுக்கும் என்ன நிறம் என்று கேட்பாள். அவரும் சளைக்காமல் நிறம் சொல்வார். இத்தனையும் தெரியாமல் ஏமாறுகிறாரே என்று முதலில் அவர்மேல் பாவமாக இருந்தது. பிறகு, என்னிடம் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசாதவர் பிறக்காத பிள்ளைக்கு இவ்வளவு வாங்குகிறாரே என்று எரிச்சலாக இருந்தது. யாரிடமும் எதுவும் சொல்லக் கூடாது என்று இரண்டு பேரும் என்னிடம் தனித்தனியாகச் சொல்லி வைத்திருந்தார்கள். நான் பேசுவதே குறைந்துபோனது.

அப்பா வரும் நாளில், ஸ்டேஷனிலிருந்து வரும் வழியில் பெரியப்பா விஷயத்தைச் சொல்லிவிடுவது என்று ஏற்பாடு. அம்மா தையல் மிஷினுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். ஆட்டோவிலிருந்து இறங்கிய பெரியப்பா வாசலிலேயே நின்று, என்னால் முடியவில்லை என்று கையை விரித்துவிட்டு நகர்ந்துகொண்டார். அப்பா பெட்டியோடு நேராக உள்ளே வந்தார். "இங்கேருங்க, ஒரு விசயம்" என்று அம்மா தொடங்கினாள். அப்பா மிஷினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தார்.

எனக்கு வாட்ச், சாக்லேட். அக்காவுக்கு ஒரு கைப்பை. அம்மாவுக்கு இரண்டு சேலை, சென்ட், முட்டிவலித் தைலம். ஒவ்வொன்றாக எடுத்து அம்மாவின் மடியில் வைத்தார். கடைசியில் அவருடைய அழுக்குச் சட்டைகளை எடுத்ததும் பெட்டி காலியானது. அம்மா குனிந்து அந்தக் காலிப் பெட்டியைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்து, "தெரியுமா?" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டாள். அப்பா தலையசைத்தார். அம்மா மிஷின்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி கதறி அழத் தொடங்கினாள். அவள் சத்தம் போட்டு அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். அப்பா அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டு, தானும் அழுதுகொண்டிருந்தார்.

நான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு வந்தது கோபம்தான். துணி, போர்வை, கிலுகிலுப்பை என்று நிறத்தோடு சொன்னதெல்லாம் பொய். அம்மா கேட்ட கேள்வி என் தலையில் ஏறவே இல்லை; பாப்பா இல்லையென்பது தெரியாமலே வெறுங்கையோடு வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். அதனால்தான் அம்மா அழுகிறாள். வாட்சைத் திரும்ப அவர் பெட்டியிலேயே போட்டுவிட்டு வெளியே போனேன். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் அப்பா என்னைப் பிடித்து நிறுத்தி, ஏன் மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறாய் என்று கேட்டார். "பாப்பாவுக்கு நீங்க ஒண்ணுமே வாங்கலல்லா" என்றேன். அவர் என்னை அப்படியே இழுத்து மடியில் உட்காரவைத்து இறுக்கிக்கொண்டார். பத்து வயதுப் பெண்ணை யாராவது மடியில் வைப்பார்களா, தெருவில் பார்த்தால் சிரிக்க மாட்டார்களா என்று எனக்கு மானம் போனது. திமிறிக்கொண்டு எழுந்து ஓடிவிட்டேன்.